ஆம்ரபாலி வீட்டு விருந்து

1966இல் வெளிவந்த ‘ஆம்ரபாலி’ என்னும் இந்திப் படத்தில், சென்னையிற் பிறந்த வைஜயந்திமாலா வைசாலி நகரின் ஆடலரசியாகத் தோன்றினார். படம் காதலையும் போரையும் விரித்தது. பௌத்த நூலோ வேறொன்றை உரைக்கிறது: முன்னரே அழைத்தவள் அக்கணிகை என்பதால், லிச்சவிப் பிரபுக்களை விடுத்து, அவள் இல்லத்திலேயே புத்தர் அமுதுண்டார். நூறாயிரம் தருவதாகப் பிரபுக்கள் கூறியும் அவ்வுரிமையை அவள் விற்றிலள். குலமும் செல்வமும் பாராத நீதி அது!

ஊவாவில் அந்நீதி எங்கே? முதியங்கன விகாரை விளங்கும் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே உழைத்த தமிழரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தம் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை தந்தது. ஆயினும், லயங்களில் வாழும் பலருக்கு நிற்கும் நிலம் இன்னும் சொந்தமன்று. பௌத்தத்திற்கு முதன்மையிடம் அளிக்கும் அரசு இதனைச் சிந்திக்க வேண்டாமா? தோட்டத் தமிழர் வேண்டுவது தானமன்று, உரிமை!