சிறுநீரின் நிறம் சொல்லும் சேதி

பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்கப் போனவர்கள் முள்ளும் முட்கம்பியும் கிழித்த காயத்தோடு திரும்புவது எமக்குப் புதிதல்ல. மஞ்சளைப் பூசிக் கட்டிவிட்டு மறுநாளும் மண்வெட்டியைத் தூக்குகிறோம். அநேகமான காயங்கள் ஆறிவிடுகின்றன. ஆறாத ஒன்றிரண்டைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

மண்ணிலும், மனிதரதும் கால்நடைகளதும் குடலிலும் வாழும் பற்றீரியா ஒன்று உண்டு. குளொஸ்ரீடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்பது அதன் பெயர். காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அது பெருகும். துப்புரவற்ற முறையில் நடந்த கருச்சிதைவின் பின் கருப்பையிலும் பெருகலாம். அதன் நஞ்சு இரத்தத்தில் கலந்தால் செங்குழியங்களின் மென்சவ்வை உடைக்கும். ஏறத்தாழ 120 நாட்கள் வாழவேண்டிய குழியங்கள் சில மணி நேரத்திலேயே அழிந்துபோகும். அவற்றிலுள்ள சிவப்புப் பொருள் சிறுநீருடன் வெளியேறுவதால் சிறுநீர் பால் கலவாத தேநீர் போலாகும். சிலவேளை அதிலும் கறுக்கும். கண் மஞ்சளாகும், உதடு வெளிறும், மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இது அரிதான நோய்தான். ஆனால் ஒரு நாளுக்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

இங்கேதான் நாம் தவறு விடுகிறோம். கண் மஞ்சளானதும் "மஞ்சட்காமாலை" என்று முடிவுகட்டி, கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் காக்கிறோம். வழக்கமான காமாலை நாட்கணக்கில் மெல்ல வருவது. காய்ச்சலும் காயமும் உள்ளவருக்குச் சில மணி நேரத்தில் கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்தால் அது வேறு. காயத்தின் அளவை மீறிய வலி, விரைந்து பரவும் வீக்கம், அழுத்தும்போது தோலின் கீழ் நொறுநொறுவென்ற உணர்வு, கெட்ட மணம் ஆகியனவும் எச்சரிக்கைகளே. பழைய நினைவில் "மலேரியாதானே" என்றிருப்பதும் ஆபத்து. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வயற்சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து மஞ்சளாகி, கெண்டைக்கால் நொந்து, சிறுநீர் குறைந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் வீட்டில் காத்திருக்கலாகாது.

இத்தகைய நோயாளிக்கு வேண்டியது பெனிசிலின் போன்ற மருந்து, இறந்த தசையை அகற்றும் சத்திரசிகிச்சை, இரத்தம் ஏற்றுதல். இவை ஆதார வைத்தியசாலையிலோ பெரியாஸ்பத்திரியிலோதான் கிடைக்கும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சிறுநீரின் நிறத்தைச் சொல்ல எம்மவர் கூச்சப்படுகிறார்கள். பெண்கள், அதிலும் கருச்சிதைவுற்றவர்கள், வாயே திறப்பதில்லை. அந்தக் கூச்சம் உயிரை விடப் பெரிதல்ல என்பதே எமது கருத்து. நோயாளியோடு செல்பவர் முதலில் சொல்லவேண்டியது மூன்று: காயம் எப்போது பட்டது, காய்ச்சல் எப்போது தொடங்கியது, சிறுநீர் என்ன நிறம். வைத்தியசாலையிலுள்ளோரும் இவற்றைத் தாமாகவே, கடிந்துகொள்ளாமல், கேட்கவேண்டும். மாதர் சங்கங்களும் பங்குகளிலுள்ள குழுக்களும் இதை ஒரு கூட்டத்திலாவது பேசட்டும்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவனைத் தன் வாகன மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். கட்டுவதில் நாம் கெட்டிக்காரர். நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் பழகிக்கொள்வோம்.