கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

2001 மே மாதம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா குறித்த ஓர் ஆய்வு நடந்தது. நோய் ஏதுமில்லாத 24 வயதுப் பெண் ஒருவர் அதில் தன்னார்வலராகக் கலந்துகொண்டார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழியே உள்ளிழுக்கச் செய்தார்கள். நுரையீரல் செயலிழந்து ஜூன் 2 அன்று அவர் இறந்துபோனார். ஆய்வாளர் தேடிப் பார்க்காமல் இறங்கிவிடவில்லை. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால், அன்றைக்குப் பப்மெட் பெரும்பாலும் 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளையே காட்டியது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோ 1950-களில் அச்சான இதழ்களில், நூலக அலமாரிகளில் கிடந்தது.

தரவுத்தளத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்பதை, உலகத்திலேயே எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டதன் விலை அது. இந்தக் கதையை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். சந்தா கட்ட வழியில்லாத சிறுநகரத்து அரசுக் கல்லூரிக்கு இது பெரிய வரம்தான். ஆனால், அந்த 13,000 இதழ்களுக்குள் எப்படித் தேடுவது என்பதை மாணவருக்கு யார் சொல்லித் தருவது?

நம் மாணவர்கள் பெரும்பாலும் தலைப்பை அப்படியே தேடுபெட்டியில் தட்டி, முதல் பக்கத்தில் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். தேடலின் சூட்சுமம் நம் சொல்லில் இல்லை. எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பார் என்று ஊகிப்பதில் இருக்கிறது. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை பகுதி விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஆய்வாளர்கள் ‘காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்ற பொருளில் சிகேடியு என எழுதுவார்கள். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளர்களிடம் காணப்படும் இதே வகை நோய்க்கு ‘மெசோஅமெரிக்கன் நெஃப்ரோபதி’ என்று பெயர். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பக்கம் அது ‘உத்தானம் நெஃப்ரோபதி’. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடுபவருக்கு மற்ற இரண்டு நிலங்களின் ஆய்வும் கண்ணிலேயே படாமல் போகலாம். வரலாற்று மாணவருக்கும் இதே பாடுதான். தஞ்சாவூரைத் தேடுபவர் ‘டாஞ்சூர்’ என்றும், திருச்சியைத் தேடுபவர் ‘டிரிச்சினாப்பொலி’ என்றும் தட்டாவிட்டால் காலனியக் காலம் முழுக்கக் கைநழுவும்.

இந்தச் சிக்கலை நூலகர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ‘மெஷ்’ என்ற பொருட்சொல் பட்டியலை 1960-களிலிருந்தே பராமரித்து வருகிறது. நீங்கள் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினாலும் பப்மெட் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற பட்டியல் சொல்லோடு தானாக இணைத்துத் தேடும். அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டாலோ, கடைசியில் நட்சத்திரக் குறி வைத்தாலோ அந்த இணைப்பு அறுந்துவிடும். துல்லியம் கூடும் என்று நம்பி மேற்கோள் குறி போடுபவர் பாதிக் கடலை மூடிவிட்டு வலை வீசுகிறார். புத்தம்புதுக் கட்டுரைக்குப் பட்டியல் சொல் இன்னும் ஏறியிருக்காது என்பதால் பட்டியல் சொல்லாலும் சாதாரணச் சொல்லாலும் தேட வேண்டும். கூகுள் ஸ்காலரில் இப்படி ஒரு பட்டியலே கிடையாது. எத்தனை லட்சம் முடிவுகள் என்று சொன்னாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் காட்டாது.

சொல்லை நம்பாத இன்னொரு வழியும் உண்டு. யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் சுட்டினார்கள் என்று தேட வழிசெய்தது. நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கினால், அது சுட்டும் பழையவற்றுக்குப் பின்னோக்கியும் அதைச் சுட்டும் புதியவற்றுக்கு முன்னோக்கியும் போகலாம். ஹாப்கின்ஸ் ஆய்வில் தவறிப்போனது போன்ற பழைய எச்சரிக்கைகளைப் பிடிக்கப் பின்னோக்கிய பயணமே உதவும்.

ஆனால், நம் வளாகங்களில் ஆய்விதழ்த் தரவுத்தளமான ‘ஸ்கோபஸ்’ என்றால் தேடும் இடமல்ல, கட்டுரை போடும் இடம். “எத்தனை ஸ்கோபஸ் போட்டிருக்கிறீர்கள்?” என்பதுதான் நேர்காணல் கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட மாணவர்களுக்கு வகுத்த ஆய்வு நெறிமுறைப் பாடம் மொத்தம் 30 மணி நேரம். அதில் தரவுத்தளங்களுக்கு 4 மணி. இதழ் மதிப்பெண், எச்-இண்டெக்ஸ் போன்ற அளவுகோல்களுக்கு 3 மணி. அறிவைத் தேடுவதற்கும் புகழை அளப்பதற்கும் ஏறக்குறைய ஒரே எடை! அந்த 4 மணி நேரத்தையும் நூலகரிடம் ஒப்படைத்து, கணினி முன் மாணவரை உட்காரவைத்து நடத்தும் துறைகள் எத்தனை தேறும்? நூலகரை நாம் இன்னும் சாவி வைத்திருப்பவராகத்தான் பார்க்கிறோம்.

பெரிய சீர்திருத்தம்கூடத் தேவையில்லை. ஆய்வேட்டின் முன்னாய்வு இயலோடு ஒரே ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்கலாம்: எந்தத் தரவுத்தளம், அது எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, என்னென்ன சொற்கள், எந்தத் தேதியில் தேடியது, எத்தனை கிடைத்தன, எவற்றை ஏன் ஒதுக்கினோம். மருத்துவத் துறையின் முறைசார் தொகுப்பாய்வுகளில் இது ஏற்கெனவே வழக்கம்தான். இல்லாத கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கூசாமல் இட்டுக்கட்டித் தரும் இந்நாளில், அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாத மாணவர் யார் என்பது வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கேட்கும் பேராசிரியரும் அப்படி ஒரு பக்கத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது எழுதியிருக்க வேண்டும். சிக்கல் அங்கேயும் இருக்கிறது.