அறுபது நாள் அதிகாரம்

மாடம்பாக்கத்திலோ சேலையூரிலோ புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினால், கம்பி கட்டுவதற்கு முன்பே கேனும் பம்புமாக ஓர் ஆள் வந்துவிடுவார். கரையானுக்கு மருந்தடிக்க. குழியெங்கும் நெடி ஏறும். இரண்டு நாளில் கான்கிரீட் அதை மூடிவிடும். பல இடங்களில் அவர் தெளிப்பது குளோர்பைரிபாஸ். நெல்லுக்கும் பருத்திக்கும் அடிக்கிற அதே சரக்கு. ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்ககங்களாகி, 2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வயல் போய்விட்டது, வயலின் மருந்து மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது.

நாம் அதை மருந்து என்றுதான் சொல்கிறோம். எலி மருந்து, கொசு மருந்து, பூச்சி மருந்து. சட்டப் புத்தகம் மட்டும்தான் பூச்சிக்கொல்லி என்கிறது. கொல்வதற்கும் குணமாக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட பேச்சு வழக்கில், டப்பாவின் மேல் இருக்கும் நச்சு எச்சரிக்கை முக்கோணம் யார் கண்ணில் படும்?

இந்தச் சரக்கை யார் விற்கலாம், யார் அடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நூறு ஆண்டுகளாக இழுபடும் கேள்வி இது. 1919-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சென்னை மாகாணத்தின் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம். பூச்சி பரவினால், விவசாயி இன்னது செய்தே ஆக வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை அது மாகாணத்துக்குக் கொடுத்தது. இன்னொன்று இந்தியா முழுமைக்குமான நஞ்சுகள் சட்டம். நஞ்சு விற்பனைக்கு விதி வகுக்கும் வேலையை அதுவும் மாகாணங்களிடமே விட்டது. அரசமைப்புச் சட்டம் எழுதியவர்களும் ஏறக்குறைய இதே வழியில் போனார்கள். பூச்சிகளிடமிருந்து பயிரைக் காப்பது மாநிலப் பட்டியலில் 14-ஆம் இனத்தில், வேளாண்மையோடு இருக்கிறது. மருந்துகளும் நஞ்சுகளும் பொதுப் பட்டியலில் 19-ஆம் இனம். பூச்சி மாநிலத்துக்கு, நஞ்சு இருவருக்கும் என்பது கணக்கு. நடந்தது வேறு.

1958-ல் ஒரு கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளும் பாரத்தியான் என்ற கடும் நஞ்சும் ஒன்றாக வந்தன. நஞ்சு கசிந்து மாவில் ஊறியது. அந்த மாவைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விசாரணை ஆணையம் வந்தது, நிபுணர் குழு வந்தது, பத்து ஆண்டு கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. அது முழுமையாகச் செயலுக்கு வர 1971 ஆகிவிட்டது. இந்தப் பிறப்பு வரலாறு முக்கியம். துறைமுகத்தையும் மூட்டையையும் கிடங்கையும் மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. படுக்கையறை அதன் நினைவிலேயே இல்லை.

இந்தச் சட்டப்படி, எந்தச் சரக்கு நாட்டில் புழங்கலாம் என்பதைப் பதிவுக் குழு முடிவு செய்யும். அது மத்திய அரசு அமைக்கும் குழு. கடைக்கு உரிமம் தருவது, ஆய்வாளரை நியமிப்பது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, வழக்குப் போடுவது எல்லாம் மாநிலத்தின் தலையில். முடிவு அங்கே, அலைச்சல் இங்கே. மாநிலம் சொந்தமாக ஒரு மருந்தை நிறுத்திவைக்க 27-ஆம் பிரிவு வழி தருகிறது. மனிதருக்கோ கால்நடைக்கோ ஆபத்து என்று கருதினால், விசாரணை முடியும்வரை அறுபது நாள் தடை விதிக்கலாம். மீறிப் போனால் இன்னும் முப்பது நாள். அதற்குப் பிறகு இறுதி வார்த்தை மத்திய அரசுடையது. அறுபது நாள் என்பது ஒரு குறுவைப் பயிரின் வயதுகூட இல்லை.

மோனோகுரோட்டோபாஸ் என்ற ஒரே மருந்தைத் தொடர்ந்து போனால் விஷயம் புரிந்துவிடும். பக்கத்தில் இலங்கை 1995-லேயே அதை நிறுத்தியது. அங்கே பூச்சிமருந்துகளுக்கென்று 1980-ல் தனிச் சட்டம், அதன் கீழ் ஒரு பதிவாளர். கடும் நஞ்சுகளை ஒவ்வொன்றாக விலக்கியதில், அடுத்த பத்தாண்டில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. (2021-ல் ஒரே இரவில் ரசாயன உரத்தை நிறுத்திக் கெட்டுப்போன கதையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அவசரம், இது நிதானம்.) இந்தியா 2005-ல் காய்கறிக்கு மட்டும் அதைத் தடுத்தது. காய்கறிக்குக் கூடாது, பருத்திக்கு ஆகும் என்று டப்பாவில் அச்சடித்தால் டப்பா கேட்குமா? 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் இதே மருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். தமிழ்நாடு 2022-23-ல், தற்கொலைகளைத் தடுப்பதற்காக என்று சொல்லியே, இதையும் சேர்த்து ஆறு மருந்துகளுக்கு அறுபது நாள் தடை போட்டது. குளோர்பைரிபாஸும் அந்த ஆறில் ஒன்று. மூன்று சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்கு மட்டும் நிரந்தரத் தடை. மோனோகுரோட்டோபாஸின் பரவலான 36 சதவீதக் கரைசலை நிறுத்தும் ஆணையை மத்திய அரசு பிறப்பித்தது 2023-ல்தான், அதுவும் இருக்கும் சரக்கு விற்றுத் தீர அவகாசத்தோடு. இலங்கைக்கும் நமக்கும் இடையில் கடல் கொஞ்சம்தான், ஆண்டுகள் இருபத்தெட்டு.

மற்ற மாநிலங்களும் இந்த அறுபது நாளோடுதான் மல்லுக்கட்டுகின்றன. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவைக் கேரளம் தலைமுறையாகச் சுமக்கிறது. நாடு முழுவதுக்குமான தடைக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. 2017-ல் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மகாராஷ்டிரம் அறுபது நாள் தடை போட்டது. பஞ்சாபோ பாசுமதி அரிசியில் மருந்து மிச்சம் இருந்தால் ஏற்றுமதி போய்விடும் என்று ஆண்டுதோறும் பருவத்துக்கு அறுபது நாள் தடை போடுகிறது. அவசரத்துக்கென்று வைத்த பிரிவைப் பருவந்தோறும் பயன்படுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் அது. குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் வரும் அவசரத்தை அவசரம் என்று எப்படிச் சொல்வது?

மாநிலங்களிடம் முழு அதிகாரம் கொடுத்தால் எல்லைதோறும் ஒரு விதி வரும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஒரு பக்கம் தடுத்த டப்பாவை வாளையாறு தாண்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தடை அதிகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. தில்லி விடவில்லை என்று சொல்லிவிட்டால், கையில் இருப்பதை என்ன செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

2024 நவம்பரில் குன்றத்தூரில் ஓர் அடுக்ககத்தில் எலித் தொல்லைக்கு ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். ஆள் வந்து வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு ஏசி ஓடும் அறையில் படுத்த குடும்பத்தில் ஆறு வயதுச் சிறுமியும் ஒரு வயதுத் தம்பியும் பிழைக்கவில்லை. பெற்றோர் மருத்துவமனைக்குப் போனார்கள். போலீஸ் வழக்கும் கைதும் நடந்தன. வேளாண் துறை அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். அடுக்ககத்தில் எலி மருந்துக்கு வேளாண் துறையா என்று அன்றைக்குப் பலர் வியந்தார்கள். ஆமாம், பணம் வாங்கிக்கொண்டு வீடுகளில் மருந்தடிக்கும் தொழிலுக்கும் உரிமம் தருவது அந்தத் துறைதான். நாற்றங்காலையும் விதைச் சான்றையும் பார்க்கப் பழகிய அதிகாரிகள். அவர்கள் வட்டாரத்திலோ நாற்றங்காலே இல்லாமல் போய்விட்டது.

இந்த உரிம விஷயத்தில் மாநிலத்துக்கு அறுபது நாள் கெடு எதுவும் கிடையாது. 13-ஆம் பிரிவில் உரிமம் கொடுக்கலாம், 14-ஆம் பிரிவில் பறிக்கலாம். விதிகள் கேட்கும் தகுதியும் லேசானதல்ல: வேளாண்மையோ வேதியியலோ படித்த பட்டதாரி, மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் போன்ற இடத்தில் குறைந்தது பதினைந்து நாள் பயிற்சி. காகிதத்தில் இது இருக்கிறது. டூவீலரில் பையோடு வந்து அழைப்பு மணி அடிக்கும் பையனுக்கு அந்தப் பதினைந்து நாளில் எத்தனை நிமிடம் வந்து சேர்ந்தது என்று பார்க்க யாரும் போவதில்லை. வீட்டுக்காரர் தானே கடையில் வாங்கி வைத்தால் அந்தக் கேள்விகூட எழாது. சொந்த வீட்டு உபயோகத்துக்கும் சொந்த நிலத்துக்கும் பயன்படுத்துவதை 38-ஆம் பிரிவு சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. கூலிக்கு அடிப்பவர் மட்டும்தான் சட்டத்துக்குள் இருக்கிறார். அவரைத்தான் அரசு பார்த்திருக்க வேண்டும்.

2020-ல் மாநிலங்களவையில் புதிய பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா வந்தது, நிலைக்குழு 2021 டிசம்பரில் அறிக்கையும் தந்தது. அது சட்டமாகட்டும் என்று குரோம்பேட்டையும் பெருங்களத்தூரும் காத்திருக்கத் தேவையில்லை. உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலை, காலாவதித் தேதியும் பொறுப்பாளர் தகுதியும் சேர்த்து, தாம்பரம் மாநகராட்சியின் வரி வசூல் மையங்களில் ஒட்டிவைக்கலாம். மழைக்காலம் வந்தால் எலி வீட்டுக்குள் வரும், லிஃப்ட் கதவில் புது விளம்பரம் ஒட்டுவார்கள். அதில் போன் நம்பர் பெரிதாக இருக்கும். உரிம எண்ணும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று வேளாண்மை இணை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அதற்கு ஒரு நாள் போதும்.