ஒரு சோதனையின் மௌனம் தீர்ப்பாகுமா?

ஒரு பொருள் தீங்கற்றதென்று சொல்லக் கேட்டால், ‘எச்சோதனையாற் கண்டீர்?’ என வினவுதல் கற்றோர் கடனாகும். இவ்வுண்மையை எம் மாணவர்க்கு விளக்க, ஐக்கிய அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்திற் கலக்கப்பட்ட ஓர் ஓமோனின் வரலாறே போதும்.

1938 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சார்ல்ஸ் டொட்ஸ் முதலிய அறிஞர், பெண்பால் ஓமோனைப்போலத் தொழிற்படும் ஸ்ரில்பெஸ்ரோல் என்னும் செயற்கைப் பொருளை ஆக்கினர். கருச்சிதைவைத் தடுக்குமென்றெண்ணிக் கர்ப்பிணிகளுக்கு அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள் விரைந்து பருக்கும் பொருட்டு 1954 முதல் தீவனத்திலும் சேர்க்கப்பட்டது. அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் பெண்மக்கள் சிலர் அரியதொரு யோனிப் புற்றுநோய்க்கு ஆளாயினமை 1971 இல் வெளியாயிற்று. அவ்வாறிருந்தும், மாடுகளுக்கு அதனைக் கொடுத்தல் 1979 இலேதான் தடுக்கப்பட்டது.

இனி, ஆய்வுகூடம் கூறியதைக் கேட்போம். பற்றீரியாவில் மரபணு விகாரத்தைத் தேடும் ஏம்ஸ் சோதனையில் இப்பொருள் குற்றமற்றதாகவே தோன்றியது. ஆயின், வெள்ளெலியின் முளையக் கலங்களில் இட்டுப் பார்த்தபோது, அளக்கத்தக்க விகாரம் எதுவுமின்றியே அவை புற்றுத்தன்மை எய்தின. இது 1981 இல் வெளிவந்த செய்தி. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களைப் பங்கிடும் நுண்ணிழைகளை இப்பொருள் குலைக்க, அவற்றின் எண்ணிக்கை பிறழ்வதும் பின்னர் அறியப்பட்டது. முதற் சோதனை பொய்யுரைக்கவில்லை. தன்னிடம் கேளாத வினாவுக்கு அது விடை கூறவில்லை, அவ்வளவே.

கண்ணாடித் தட்டிலுள்ள கலம் மனிதனாகாது என்பாரும் உளர். இறைச்சியில் எஞ்சும் ஓமோனின் அளவு மிகச் சிறிது என்றும், ஈஸ்ரடையோல் போன்றவை நம் உடலிலேயே சுரப்பவை என்றும் அவர் கூறுவர். அக்கூற்றும் எண்ணத்தக்கதே. ஓமோனிட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பியர் 1989 இல் விலக்கியதும், அத்தடை தக்க இடர் மதிப்பீட்டில் நிலைபெறவில்லையென உலக வர்த்தக நிறுவனம் 1998 இல் தீர்த்ததும், ஈஸ்ரடையோல் தானே புற்றைத் தொடக்கி வளர்க்கவும் வல்லதென ஐரோப்பிய அறிஞர் குழு 1999 இல் உரைத்ததும் இவ்வழக்கின் படிகளாம்.

எம் கருத்து இதுவே: கலச் சோதனை காட்டும் தீங்கு எச்சரிக்கையேயன்றி முடிந்த தீர்ப்பன்று, அது தீங்கு காட்டாமையோ விடுதலைப் பத்திரமுமன்று. ஆதலின், சந்தைக்கு வருமுன்னரே பல்வகைச் சோதனைகளால் ஆராய்தல் வேண்டும். அக்கடமை விற்போருடையது; அறியாது உண்போர் தம் உடலையே சோதனைக்களமாக்குதல் நீதியன்று. நாளை ஆய்வுகூடங்களிற் புகவிருக்கும் எம் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.