அலையா, அரண்மனையா?

பியாரிட்ஸில் அலைச்சறுக்கு ஆடப் போகிறாராம் நண்பர். ஆகஸ்டு மாதம், யூஜெனி மகாராணிக்காக மூன்றாம் நெப்போலியன் கட்டிய மாளிகை இப்போது ஹோட்டல், அதில் அறை. “கடலைப் பற்றி விசாரித்தீரா, ஐயா?” என்றேன். விழித்தார்.

கோட் தே பாஸ்க் கடற்கரையில் ஓதம் ஏறினால் நிற்க மணல்கூட மிஞ்சாது. ஓத நேரம் பாராமல் அங்கே பலகையைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? 1957 வாக்கில் சினிமா வேலையாக அந்தப் பக்கம் வந்த பீட்டர் வியர்ட்டல் (நம் தொழில்காரர்தான், எழுத்தாளர்) அலையைக் கண்ட பிறகல்லவா பலகையைத் தருவித்தார்! நாமோ அறையைப் பிடித்துவிட்டு அலையைத் தருவிக்கப் பார்க்கிறோம்.

“செப்டம்பரில் போங்களேன், கூட்டம் கலையும், அலையும் வலுக்கும்” என்றேன்.

“கூட்டம் கலைந்த பிறகு நம்மை யார் ஸார் பார்ப்பார்கள்?” என்றார்.