மண் குதிரையும் உயிர்க் குதிரையும்

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது பழமொழி. நமது செட்டிநாட்டுச் சீமையிலே மண் குதிரைகளுக்குக் குறைவில்லை. ஊர் எல்லையில் அய்யனார் கோவில்களின் முன்னே அவை வரிசையாக நிற்கின்றன. புரவி எடுப்பு நாளில் வேளார்கள் செய்த குதிரைகளை ஊரார் சுமந்து செல்லும் காட்சியும் நமக்குப் புதிதல்ல. ஆனால் உயிருள்ள குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். குதிரை என்றால் அரசர்களுக்கும் பந்தயத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் உரியது என்று ஒதுக்கிவிட்டோம். அதனுடன் பழகுவது உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தரும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

டென்மார்க் நாட்டுப் பெண்மணி லிஸ் ஹார்டெலின் வாழ்க்கையைப் பார்ப்போம். 1944-ஆம் ஆண்டு, தம் 23-ஆம் வயதில், கருவுற்றிருந்த காலத்தில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போயின. பிறர் தூக்கி விட்டால்தான் குதிரை மேல் அமர முடியும். ஆயினும் அவர் தளரவில்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 'ஜூபிலி' என்னும் குதிரையின் மேல் அமர்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இலும் வென்றார். அவரது வெற்றிக்குப் பின்னரே, உடல் ஊனமுற்றோருக்குக் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாக அளிக்கும் முறை ஐரோப்பிய நாடுகளில் பரவலாயிற்று.

இதன் காரணம் எளியது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பும் அதற்கேற்ப அசைகிறது. மனிதன் தன் காலால் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். எனவே, மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத குழந்தைக்கும் நடையின் அசைவு கிடைக்கிறது. விழாமல் நிமிர்ந்து உட்காரும் முயற்சியில் முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வலுப்பெறுகின்றன.

உள்ளத்துக்குக் கிடைக்கும் நன்மையும் சிறிதன்று. குதிரை இயல்பிலேயே அச்சமுள்ள பிராணி. நாம் கோபத்தோடு போனால் அது காதுகளை மடக்கும். பதற்றத்தோடு போனால் விலகும். அமைதியாக, அதன் தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு போனால்தான் நம்மை நெருங்க விடும். ஆகவே குதிரையைப் பழக்க விரும்புகிறவர் முதலில் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பரீட்சை பயத்தில் படபடக்கும் நம் போன்ற மாணவிகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? 'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' என்று குதிரையைப் பழிக்கிறோம். உண்மையில் அது நம்மைப் பற்றிய பழமொழி! லாயத்தைக் கூட்டி, தண்ணீர் காட்டி, மேனியைத் தேய்த்துவிடும் அன்றாட வேலை, அந்தக் கடிவாளத்தை நாமே விரும்பி ஏற்கச் செய்கிறது.

"பெண் பிள்ளைகளுக்குக் குதிரை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் இந்தியக் குதிரையேற்ற அணி தங்கம் வென்றது. அதிலே சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்னும் இரு பெண்கள் இருந்தார்கள். நம் சிவகங்கைச் சீமையை ஆண்ட வேலு நாச்சியாரும் குதிரையேற்றம் கற்றவர்தாமே!

"செலவாகுமே" என்பது நியாயமான கேள்வி. வீட்டுக்கொரு குதிரை என்று நாங்கள் கேட்கவில்லை. ஊனமுற்ற குழந்தைகளுக்கான பள்ளிகளில், மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் மேற்பார்வையிட, சாதுவான ஒரு மட்டக் குதிரையாவது இருக்கட்டும் என்றே கேட்கிறோம். அக்குதிரைக்கு வயிறார உணவும், நிழலும், ஓய்வும் தரவேண்டும். புண்பட்ட முதுகுடன் பாரம் சுமக்கும் குதிரை யாருக்கும் ஆறுதல் தராது. அதுவரை, நம் வீட்டுத் தொழுவத்துப் பசுவையும் கன்றையும் வேலைக்காரரிடமே விட்டுவிடாமல் நாமே பேணுவோம்.

படைப்பு அனைத்தையும் உடன்பிறப்பாய் எண்ணியவர் புனித பிரான்சிஸ் அசிசியார். மண் குதிரைக்கு மாலை சாற்றும் ஊரிலே உயிர்க் குதிரைக்கும் ஓர் இடம் தருவோம். அது நமக்கு நலம் தரும்.