பள்ளி மாறலாமா?

பத்தாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவு வெளியாகும் மே மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகள் சிலவற்றில் நடக்கும் ஒரு விவாதம் வெளியே அதிகம் தெரிவதில்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டு விவாதம் அன்று அது. நல்ல மதிப்பெண் பெற்று, பெயர் பெற்ற பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு இடமும் உறுதியாகிவிட்ட பிள்ளை, ‘எனக்கு இந்தப் பள்ளி வேண்டாம், சித்திரம் பழக அவகாசம் தரும் வேறு பள்ளிக்குப் போகிறேன்’ என்று சொல்கிறான். சித்திரத்துக்குப் பதில் அது சங்கீதமாகவோ ஓட்டப் பந்தயமாகவோ இருக்கலாம். தகப்பனார் கோபிக்கிறார், தாயார் கண் கலங்குகிறார், பெரியப்பா ஒருவர் வந்து இரு தரப்புக்கும் உபதேசம் செய்து காபி அருந்திப் போகிறார். ஜூன் மாதத்தில் பிள்ளை பழைய பள்ளிக்கே போகிறான். இதை ஒரு தீர்ப்பு என்று கொள்ள நாம் தயாராக இல்லை. விசாரணையே நடக்கவில்லை.

எதை ஒருவன் நிலைநாட்ட விரும்புகிறானோ அதை ருசுப்படுத்தும் பொறுப்பு அவனையே சார்ந்தது என்பது நியாயஸ்தலங்களின் விதி. வீட்டு விவாதத்திலோ, பொறுப்பு முழுவதையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். சித்திரத்தினால் ஜீவனம் நடக்குமா, எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது, நாளை மனம் மாறினால் என்ன செய்வாய் என்று குறுக்கு விசாரணை செய்கிறோம். இருக்கும் பள்ளியைக் கேள்வி கேட்பார் ஒருவருமில்லை. அங்கேயே இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் செலவும் அபாயமும் உண்டு. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இரண்டு வருஷம் விடியற்காலை முதல் இரவு வரை உருப்போட்டு, வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், விருப்பமில்லாத என்ஜினீயரிங் படிப்பில் போய் விழும் பிள்ளைகளை ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். அவர்களுடைய தகப்பன்மாரை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

அந்தப் பள்ளிகள் பலவற்றில் நடப்பதும் ரகசியமன்று. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. பதினோராம் வகுப்புப் பாடம் ஒப்புக்கு நடந்தேறுகிறது. அதைத் தடுப்பதற்காக 2018-இல் அவ்வகுப்புக்கும் பொதுப் பரீக்ஷை வந்தது. 2025-இல் சர்க்கார் அதை நீக்கிவிட்டது. கால அட்டவணையில் சித்திரம் என்று எழுதியிருக்கும் மணியில் கணக்கு உபாத்தியாயர் வந்து நிற்கிறார். பெற்றோர் இதை அறிந்தே பணம் கட்டுகிறார்கள்.

ஆயினும், பெற்றோரின் அச்சத்தை மூடத்தனம் என்று ஒதுக்குவோரோடு நாம் சேரமாட்டோம். அவ்வச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் பழகவேண்டும் என்றது. குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது என்று ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் காமராஜர் முதன் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. தறியையும் திகிரியையும் விட்டுக் கஷ்டப்பட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு வீட்டில், பேரன் ‘நான் மண்சிற்பம் கற்கப் போகிறேன்’ என்றால் பாட்டனார் திடுக்கிடுவதில் வியப்பென்ன? தாம் ஏறி வந்த ஏணியைப் பேரன் உதைக்கிறான் என்றே அவருக்குத் தோன்றும். அவருக்கு நாம் மரியாதையோடு சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பிறர் ஒருவனைப் பார்த்து ‘உனக்கு இது போதும்’ என்று சொல்வது வேறு. அவனே ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்வது வேறு. முன்னதை எதிர்த்துப் போராடியதே, பின்னதைச் சொல்லும் சுதந்திரம் நம் சந்ததிக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தானே!

இனி, பள்ளி மாறினால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணும் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. கணித மேதை ராமாநுஜன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றைக் கவனியாததால் அதை இழந்தார். 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. கல்லூரி மாறிற்று, பரீக்ஷை மாறவில்லை. பட்டமில்லாத அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்த பிறகுதான் அவருக்குக் கணிதமே தொழிலாயிற்று. (பரீக்ஷையில் தவறியவரெல்லாம் ராமாநுஜன் என்று இதிலிருந்து எவரும் கொள்ளவேண்டாம்.) ஒரு பள்ளியை விட்டு அதே அச்சில் வார்த்த இன்னொரு பள்ளிக்குப் போவதில் பேருந்துச் செலவைத் தவிர வேறு மாறுதல் இராது.

ஆகையால், பிள்ளையின் மனுவை வாங்கி முறையாக விசாரியுங்கள் என்பதே பெற்றோரிடம் நாம் வேண்டுவது. ஆசையைப் பற்றிய பேச்சு வாக்குமூலம் மாத்திரமே. எவரும் ஏவாமல் சென்ற இரண்டு வருஷங்களில் அவன் வரைந்து நிரப்பிய நோட்டுப் புத்தகங்கள் சாட்சியம். அப்படி ஒன்றுமில்லாமல், பழைய பள்ளியின் கெடுபிடிக்கு அஞ்சியே மாறுதல் கேட்கிறான் என்றால், அதுவும் செவி கொடுக்க வேண்டிய குறைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் வேறு. பிறகு, புதிய பள்ளியை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரப் பலகையில் வீணை வரைந்திருக்கும். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இருக்கிறாரா?

பள்ளியை விட்டேயாகவேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. 1850-இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. அதன் பட்டப் படிப்புக்குப் பிளஸ் டூ வேண்டும். ஆகவே சித்திரத்தில் ஈடுபட்டவன் மேல்நிலைப் படிப்பை உதறக்கூடாது; மாலைப் பொழுதை அவனுக்கு விட்டு வைக்கும் பள்ளியைத்தான் தேடவேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளோ 12 வயதிலேயே சேர்த்துக்கொண்டு நாதஸ்வரம், தவில், தேவாரம் முதலியவற்றை மூன்றாண்டு கற்பிக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் பள்ளிப் பிள்ளைகளை எடுக்கின்றன. பத்தாம் வகுப்பு முடிந்த தருணத்தைத் தவறவிட்ட ஓட்டக்காரனுக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை அடுத்த வாயில் அங்கே இல்லை. பெண் பிள்ளை விடுதிக்குப் போக விரும்பினால் பெற்றோரின் கவலை வேறு வகையானது. விடுதியைக் கண்ணால் பார்த்துத் திருப்தியடைய அவர்களுக்குப் பூரண பாத்தியதை உண்டு. பாராமலே மறுக்கும் பாத்தியதை இல்லை.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதுக் குகேஷ் சதுரங்க உலக சாம்பியன் ஆனபோது நாடே கொண்டாடிற்று. நான்காம் வகுப்புக்குப் பின் அவர் முழு நேரம் பள்ளிக்குப் போகவில்லை. அன்று மிட்டாய் வழங்கிய பள்ளிகளில் எத்தனை, தங்கள் மாணவன் ஒருவன் பந்தயத்துக்காக ஒரு வாரம் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்காமல் தரும்?

சர்க்காரின் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2012-இல் சித்திரம், தேகப் பயிற்சி முதலியவற்றுக்கென 16,000-க்கு மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டார்கள். சம்பளம் சிறுகச் சிறுக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதியில் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. சித்திர ஆசிரியர் வாரம் முழுவதும் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று ஒவ்வோர் ஒன்றியத்திலும் இருந்தால், இந்த விவாதத்தில் பாதி எழாமலே போகும். அதற்குப் பணம் வேண்டும், காலமும் ஆகும். பணம் வேண்டாத காரியம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் விருப்பத்தை நாடிப் பள்ளி மாறிய பிள்ளை, அவ்வருஷத்துக்குள் திரும்பி வர விரும்பினால், மாற்றுச் சான்றிதழைக் காட்டித் தடை சொல்லாமல் பழைய பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி இலாகா ஓர் உத்தரவு பிறப்பிக்கட்டும். அடுத்த ஜூன் மாதத்துக்கு முன் அது வெளிவருமானால், பெற்றோர் பலர் சம்மதம் சொல்லத் துணிவார்கள்.